இரண்டாவது சாட்சி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. உச்சிப்பொழுது ஆனதும் சாட்டர்ன் கோயில் கதவைச் சாத்தச் சொல்வது என் வழக்கம். என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உங்கள் எழுத்தர் முதலில் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ரோமின் கருவூலம் அந்தக் கோயிலுக்குள்தான். செனட் போடும் தீர்மானம் எதுவானாலும், இரண்டு உறுப்பினர்கள் என் முன்னால் சத்தியம் செய்து, நான் பதிந்தால்தான் செல்லும். அதுவரை அது எழுதிக் கொண்டுவந்த வெறும் மெழுகுப் பலகை. இருபத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த கருவூல அதிகாரி பதவி அது.

பதவியேற்ற வாரமே டிரெபியஸ் என்ற உறுப்பினர் ஒரு தீர்மானத்தோடு வந்தார். சாட்சிகள் எங்கே என்று கேட்டேன்.

"அடடே, தம்பிக்குச் சட்டமெல்லாம் தெரியுதே! பெரிய எழுத்தர் பாத்துக்குவாரு. நீ போய்ப் பந்து விளையாடுப்பா."

எழுத்தர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து சட்டத்தை வரிவரியாக மனப்பாடம் செய்தேன். அது குற்றமா?

பிறகு டிரெபியஸ்மேல் ராஜத்துரோகப் பழி விழுந்தது. உச்சிப்பொழுதில் சிறைக்குள் கழுத்தை நெரிப்பதாக ஏற்பாடு. அன்று காலையில்தான் பழி பொய்யென்று தெரிந்து செனட் தண்டனையை ரத்து செய்தது. அவர் மனைவி ஹெரென்னியா அந்த ரத்துத் தீர்மானப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கூடவே ஒரே ஒரு சாட்சி.

"இன்னொருத்தர் பல்லக்குல வந்துக்கிட்டே இருக்காருங்க. கால்ல வாதம். நீங்க பதிஞ்சிடுங்கய்யா."

"வரட்டும்மா. வந்ததும் பதியறேன்."

மூத்த எழுத்தர் டெர்டுல்லஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சிறை இங்கேருந்து நூறடிதான். ஒரு உசுருய்யா. எழுதிடுங்க."

"ஏன் பெரியவரே, நான் போய்ப் பந்து விளையாடட்டுமா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்.

வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உச்சியாகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னேன். ஹெரென்னியா தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். நூறடிதானே, அங்கே நடந்தது அவள் காதில் விழுந்திருக்கும்.

சட்டத்தில் ஒரு வரியைக்கூட நான் மீறவில்லை. நாளைக்கே இன்னொரு பலகை வந்தாலும் இதையேதான் செய்வேன். வாசலில் என்ன பார்த்தாய் என்று கேட்கிறீர்கள். பல்லக்கைப் பார்த்தேன். கீழ்ப்படியில் இறக்கிவிட்டிருந்தார்கள். கிழவர் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார், பாதிக்குமேல் வந்துவிட்டார். சூரியன் உச்சிக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இருந்தால் என்ன, எனக்குத்தான் வெயில் ஒத்துக்கொள்ளாதே.