பின்வரிசைக்கு ஒரு ஆள்

ஒரு பருவத்தில் பதினேழு கோல் வாங்கிய கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குப் பின்வரிசையைப் பழக்க ஒரு ஆள் வேண்டும் என்பதில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இரண்டு கருத்து இருக்கவில்லை. யார் அந்த ஆள் என்பதில்தான் இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் இருநூற்றுச் சொச்சம் கருத்து.

இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்பது வருடம் கூட்டக்குறிப்பு எழுதிய கை இது. நீங்கள் எழுதினால் சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது அது வேறு யாருடையதோ ஆகிவிடும். எனக்குப் பிழை பிடிக்காது.

கல்லூரி அதிபர், என்னோடு படித்து விளையாடிய சுஜீவனை இரண்டு கிழமை பரீட்சார்த்தமாகப் பழக்கச் சொல்லியிருந்தார். சங்கத்தின் லண்டன் கிளைக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்குச் சான்றிதழ் வைத்திருக்கும் கொழும்புக்காரர் ஒருவர் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் நிருஷன் உடனே எழுதினான்: "பைனலைக் குடுத்தவனிட்டையோ டிபென்ஸையும் குடுக்கப் போறியள்?"

சாவகச்சேரியில் இருந்து தியாகலிங்கம் மாஸ்ரர் பதில் போட்டார். "பிழை விட்டவனுக்குத்தான் தம்பி அந்தப் பிழையின்ரை அருமை தெரியும். சுரேஸ் அண்டைக்குப் பக்கத்திலை நிண்டவன். அவனைக் கேளுங்கோ."

சுரேஸ் நான்தான். 2002 இறுதிப் போட்டியில் பின்வரிசையின் நடுவில் நின்றவர்கள் சுஜீவனும் நானும். கடைசி நிமிடத்தில் பந்தைத் தவறவிட்டுக் கிண்ணத்தைக் கோட்டைவிட்டவன் சுஜீவன் என்பது ஊர் அறிந்த கதை. உண்மையில் அது என் பந்து. நான்தான் விட்டேன். அன்றைக்கு என் அப்பா முதன்முதலாக மைதானத்துக்கு வந்திருந்தார். யார் விட்டது என்று எங்களைப் பழக்கிய சேர் கேட்டபோது சுஜீவன் கையை உயர்த்தினான். "நான்தான் சேர்." அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. என்னிடம்கூட.

அவன் மீது எனக்குக் கோபம் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஆனால் எங்கள் வீடு கல்லூரி மைதானத்துக்கு எதிரே. ஒருவன் நமக்குச் செய்த நன்மை ஒவ்வொரு பின்னேரமும் விசிலும் கையுமாக வாசலில் நிற்பதை எத்தனை நாளைக்குப் பார்ப்பது? சும்மா இருந்தவன் ஒருநாள் வாயும் திறக்கலாம்.

மாஸ்ரருக்கு நான் பதில் போடவில்லை. அடுத்த நாள் ஒரு கேள்வி மட்டும் போட்டேன். "சுஜீவன் முன்பு பழக்கிய கல்லூரியில் இருந்து ஆண்டின் நடுவில் விலகியது ஏன்? பிள்ளைகளை ஒப்படைக்கும் பெற்றோருக்கு இதை அறியும் உரிமை உண்டு." இதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவன் மனைவி பிரியந்தினிக்குப் புற்றுநோய். வைத்தியத்துக்காகக் கொழும்பு போனார்கள். பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டது என் கார். அவளுக்குக் கலியாணமாகாத தங்கைகள் இரண்டு பேர். பரம்பரை வருத்தம் என்று ஒரு கதை வெளிக்கிட்டால் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் படி ஏறமாட்டார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கூட நின்று விளையாடியவனுக்கு மற்றவனின் பலவீனமான கால் எது என்று தெரியும். சுஜீவன் பதில் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் சொல்லவில்லை. பின்னேரத்துக்குள் "சின்னப் பிள்ளையளோடை ஏதோ பிரச்சினையாம்" என்று ஒருவர் எழுதினார். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதும் ஒரு ஊரும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றும் நான் எழுதியதில்லை. குழுவின் நிர்வாகி என்ற முறையில் அழித்திருக்கலாம். ஆனால் மற்றவர்களின் கருத்துச் சுதந்திரத்தில் நான் தலையிடுவதில்லை.

நாலாம் நாள் மத்தியானம் பிரியந்தினி வீட்டுக்கு வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"அண்ணை, என்ரை வருத்தத்தைக் குழுவிலை எழுதிப் போடுங்கோ. தங்கச்சியவையின்ரை காரியத்தை முருகன் பாக்கட்டும். அவர் சொல்லமாட்டார், நான் சத்தியம் வாங்கிப்போட்டன். நீங்கள் சொன்னால் எல்லாரும் நம்புவினம்."

"ஓம் தங்கச்சி. நாளைக்குக் காலமை போடுறன்."

"இண்டைக்கே ஏலாதோ அண்ணை?"

"வடிவா யோசிச்சு எழுத வேணும். பிழை இருக்கக்கூடாது."

அவள் கும்பிட்டாள். தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குக் கஜீபன் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். அவனுடைய அக்காவின் மகன் எங்கள் அணியில் விளையாடுகிறான். கஜீபனை நீங்கள் அறிவீர்கள், இரண்டு வாள்வெட்டு வழக்கு. முதல் வழக்குக்கு அவனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

"அண்ணை, உவர் சுஜீவன் பழக்கி முடிச்சு எத்தினை மணிக்குப் போறவர்?"

"ஆறேகால். பின் ஒழுங்கையாலை. தனியத்தான்."

அவன் கேட்டது ஒன்று, நான் சொன்னது மூன்று. வெட்டச் சொல்லவில்லை. அவன் எதற்காகக் கேட்கிறான் என்று நான் கேட்கவும் இல்லை. தெரிந்ததை ஏன் கேட்பது?

ஆறு மணிக்கு முன்கதவை மூடிவிட்டு வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் போனார்களாம். சுஜீவன் பந்துப் பையை முன்னால் பிடித்துத் தடுத்துப் பார்த்திருக்கிறான். பையில் இருந்த ஐந்து பந்தும் வெட்டுப்பட்டிருந்தன. ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. கடைசிவரை அவன் யார் பெயரையும் சொல்லவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அவன் அப்படித்தான்.

பிரியந்தினியை நான் ஏமாற்றிவிட்டேன் என்று இப்போது கதைக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. நாளைக்குக் காலமை என்றுதான் சொன்னேன். சொன்னபடி அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, அவளுடைய வருத்தம், கொழும்பு வைத்தியம், அவன் விலகிய காரணம் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நிருஷன்கூடப் போட்டான். இறுதிப் போட்டியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

பதிவை நீங்களும் பாருங்கள் ஐயா. ஒரு எழுத்துப்பிழை இல்லை.