அழித்த பிறகும் மறக்காத ஃபைல்

மூதூரில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்சுப் படகுக்கு வரிசையில் நின்றேன். நேவிக்காரர்கள் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் மடிக்கணினிப் பையுடன் ஓர் இளைஞனும் அவன் மனைவியும்.

“அழிச்சாப் பிறகும் அது மறக்காது,” என்று முணுமுணுத்தான் அவன்.

“எது?” என்றாள் மனைவி.

“இயக்கத்துப் பேப்பரின்ர பொன்ட், அந்த எழுத்துரு. அச்சக வேலைக்கு ஒருக்கா இந்தக் கணினியில போட்டனான். பொன்ட்டை அழிச்சிட்டன். பேர் கேஷ் ஃபைலுக்குள்ள கிடக்குது.”

“அது என்னப்பா?”

“நான் எழுதின புரோகிராம் ஒவ்வொரு தரமும் எல்லாப் பொன்ட்டையும் திறந்து பாத்தால் சுணங்கும், நேரம் எடுக்கும். அதால ஒருக்காப் பாத்து, பேருகளை ஒரு ஃபைலில எழுதி வைக்கும். பிறகு அதை மட்டும்தான் வாசிக்கும். நான்தான் அப்பிடிச் செய்தனான்.”

“பொன்ட் இருக்கோ எண்டு பாக்காதோ?”

“பாத்தால் சுணங்கும்.”

“நல்லாயிருக்கு. செத்தவனைத் தேடி வீட்டுக்கு வாற ஆமிக்காரர் மாதிரி. இப்ப அந்த ஃபைலை அழியுங்கோவன்.”

“இஞ்ச வச்சுத் திறக்க ஏலாது. பாக்கிறாங்கள்.”

அவர்களுடைய முறை வந்தது. அவன் கணினியைத் திறந்து வைத்தான். நேவிக்காரன் அந்தப் புரோகிராமைத் திறந்தான். கண் மூடித் திறப்பதற்குள் எழுத்துருக்களின் பெயர்கள் திரை நிறைய வந்துவிட்டன. நேவிக்காரன் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினான்.

மனைவி கணவனின் காதருகே சொன்னாள்: “கொஞ்சம் சுணங்கிற மாதிரிச் செய்திருக்கலாமேயப்பா.”