தொண்டை அடைப்பான் வந்த ஆடி

"பாறை உருளுது! லாரிய நிறுத்துங்கடே!"

கிளீனர் கத்துகிறான். லாரி குலுங்கி நிற்கிறது. முன்னால் கடகடவென்று மண் சரிகிறது. என் மடியில் மகள் பூரணி. நாலு வயது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம். உதடு நீலம்.

எதிரே இசக்கி. சின்னக்கானல் எஸ்டேட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள். அவள் மடியில் மகன் சுடலை. அதே வயது. அதே நோய். தொண்டை அடைப்பான்.

ஐம்பதுகளில் ஓர் ஆடி மாதம். விடாத மழை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கடைசி வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் ராசாத்தியும் செல்லையாவும் முந்தின நாள்தான் இதே நோயில் அடுத்தடுத்துப் போயிருந்தார்கள். அதன் பிறகுதான் கொழுந்து லாரியை எங்களுக்குக் கொடுத்தார்கள்.

கூட வந்த ஆண்கள் இறங்கி மண்ணைத் தள்ளினார்கள். லாரி நகர்ந்தது. ஆஸ்பத்திரி. இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி. சுடலைக்கு ஊசி கேட்டது. பூரணிக்குக் கேட்கவில்லை. டாக்டர் அவள் கழுத்தைக் கீறிக் குழாய் வைத்தார். மூச்சு வந்தது. குரல் போனது.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். காலையில் சுடலை எழுந்து உட்கார்கிறான்.

"அம்மா, காப்பி!"

வார்டு முழுக்கக் கேட்கிறது. பூரணியும் வாயைத் திறக்கிறாள். குழாயில் காற்று மட்டும் வருகிறது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரே லாரி. ஒரே ஊசி. அவள் பிள்ளைக்கு மட்டும் எப்படி? இசக்கி மகனுக்குத் தலை வாரினாள். கஞ்சி ஊட்டினாள். எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள்.

"குடி மதினி. நம்ம புள்ளயும் பேசிரும்."

நம்ம என்றாள். அதுகூடப் பொறுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

இரண்டாவது வாரம். வாசலில் இசக்கியின் புருஷன் தலை தெரிந்தது. சுடலை கட்டிலிலிருந்து குதித்தான்.

"ஓடல்லே! பிடி அவனை!"

ஓடாதே என்று மலையாளத்தில் கத்தினாள் நர்ஸ். அவன் ஓடினான். தொப்பென்று விழுந்தான். எழவில்லை. நோயின் விஷம் இதயத்தில் இறங்கியிருந்தது என்றார் டாக்டர். தொண்டை ஆறினாலும் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம்.

இசக்கி அழவில்லை. பூரணியைப் பார்த்தாள். ஏறி இறங்கும் அவள் நெஞ்சையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அத்தனை நாளும் நான் சுடலையைப் பார்த்த பார்வை அது. தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

குழாயை எடுத்தார்கள். பூரணிக்குக் கரகரத்த குரல் ஒன்று வந்தது. நிரையில் அவள் என்னைக் கூப்பிட்டால் இசக்கி கூடையோடு வேறு மேட்டுக்குப் போய்விடுவாள். ஐப்பசியில் அவளும் புருஷனும் சாமான்களைக் கட்டிவிட்டார்கள். வழியில் மறித்தேன்.

"எங்க போற மதினி?"

"ஒன் மவ சத்தம் கேக்காத எடத்துக்கு."

திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆடியில் எங்கள் லயத்தில் போன பிள்ளைகள் மூன்று. ராசாத்தி. செல்லையா. சுடலை. பிழைத்தது ஒன்று. அதன் குரலில் பாதி போனது. பிறகு போனவள், என் மதினி ஒருத்தி.