அசையாத காற்று

சனி கிரகத்தைப் படமெடுக்க இருட்டு வேண்டாம், சார். சொன்னால் பலரும் நம்புவதில்லை. தெருவிளக்கு எரியலாம், நிலா இருக்கலாம், பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு சீரியல் பல்புகூடத் தொங்கலாம். காற்று மட்டும் அசையாமல் இருக்க வேண்டும். வீசுகிற காற்றைச் சொல்லவில்லை, சூடாகி மேலே எழுகிற காற்றைச் சொல்கிறேன். காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் நெளியும் இல்லையா, அந்த நெளிவுதான் எங்களுக்கு எதிரி.

என் பெயர் சிவஞானம். வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். திருநெல்வேலியிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் ஓடுவது நான் இழுத்த வயர்தான். மகள் படிப்புக்காக மனைவி மெயின்லேண்டில் இருக்கிறாள். மொட்டை மாடியில் டெலஸ்கோப்பும் நானும் மட்டும். ஒருத்தர் தனியாக இருந்தால் குடிக்கப் பழகுவார், நான் வானத்தைப் பார்க்கப் பழகினேன். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சரிவில் எனக்குக் கீழ்வீடு ராக்கப்பன் அண்ணனுடையது. சின்ன வயதில் சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, சுனாமிக்குப் பிறகு இங்கே குடிவந்தார். நெஞ்சு கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு. மகள் வசந்தகுமாரி டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து சேரும்வரை பகலில் ஒரு அம்மா பார்த்துக்கொள்வார். மெஷினின் சூட்டில் அறை வெந்துபோகிறது என்று பழைய ஏசி ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதன் வெளிப்பெட்டியைப் பின்சுவரில் மாட்டியதும் நான்தான். அது ஊதுகிற சூடு நேராக என் மாடிக்குத் தென்கிழக்கில் ஏறும். இந்த வருஷம் மாலையில் சனி நின்றதும் தென்கிழக்கில்தான்.

அணைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் அணைத்தார்கள். என்ன விஷயம் என்று அண்ணன் கேட்டார், சனியைப் பார்க்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. “நாங்கல்லாம் அது நம்மளப் பாக்காம இருக்கணும்னு எள்ளு வெளக்குப் போடுறோம். நீங்க ஏணி வச்சு ஏறிப் போய்ப் பாக்குறீங்க” என்றார். பிறகு என்னைச் சனிஞானம் என்று கூப்பிட ஆரம்பித்தார். விளையாட்டாகத்தான். பஸ் ஸ்டாப்பில், மளிகைக்கடையில் எல்லாம் அது பரவியது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஏசியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு செய்தி வந்தது. சனியில் புயல் ஒன்று கிளம்பியிருப்பதாகப் பிலிப்பைன்ஸில் ஒருத்தர் படம் போட்டிருந்தார். வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். இரண்டாவதாக ஒருத்தர் எடுத்தால்தான் வானியல் சங்கத்தார் அதை நம்புவார்கள். அவர் ஊரில் மேகம் மூடிவிட்டது. சனி தன்னைத்தானே வேகமாகச் சுற்றுகிற கிரகம், புள்ளி கொஞ்ச நேரம்தான் நம் பக்கம் இருக்கும். அப்படி அது முகம் காட்டுகிற நேரம் நம் தீவில் மாலையாக இருந்தது. என்னைப் போன்றவனுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இங்கே ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. அன்று மழை விட்டு வானம் கொஞ்சம் திறந்தது. வீடியோவாக எடுக்க வேண்டும் சார். அதில் இருக்கிற ஆயிரக்கணக்கான படங்களில் தெளிவானதை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். முதல் வீடியோ எடுத்தேன். திரையில் சனி தண்ணீருக்குள் கிடக்கிற காசு மாதிரி ஆடியது. கீழே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே இறங்கிப் போய், எங்கள் சரிவுக்குக் கரண்ட் வருகிற கம்பத்துப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினேன். என் வீடும் சேர்ந்துதான் இருண்டது. கரண்ட் போவது இங்கே அதிசயமில்லை, யாரும் வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை.

கடையிலிருந்து வந்துவிட்டிருந்த வசந்தகுமாரி போன் செய்தாள். கரண்ட் போனால் அவள் எனக்குத்தான் செய்வாள். பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றேன். எங்கள் தொழிலில் பத்து நிமிஷம் என்பது கணக்கு இல்லை சார், ஒரு பேச்சு. வேலை அரை நாள் ஆகும் என்று தெரிந்தாலும் அதைத்தான் சொல்வோம். அவள் அதைக் கணக்காகவே எடுத்துக்கொள்கிற பெண். நான் சொன்னேன் என்பதால் காத்திருந்தாள்.

ஏசி நின்றது. சுவர் ஆறவேண்டும் என்று நானும் காத்திருந்தேன். இரண்டாவது வீடியோ ஆரம்பித்தபோது மறுபடி போன்.

“அண்ணே, அப்பாக்கு மூச்சு ஒரு மாதிரியா வாங்குது. பிஜிலி வர லேட்டாகும்னா சொல்லுங்க, ஆட்டோ பிடிச்சு ஹாஸ்பிடல் போயிர்றேன்.”

“மழை வரும்போல இருக்கும்மா. அவரத் தூக்கிட்டு அலையாத. பத்து நிமிஷம்தான்.”

இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிவிட்டதா என்றும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அந்தப் பேட்டரியை முந்தின நாள்தான், தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துத் தருகிறேன் என்று அவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. கரண்ட் இல்லாத மாடியில் டெலஸ்கோப்பும் லேப்டாப்பும் எதில் ஓடின என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதில்தான் ஓடின.

அதற்குள் ஒரு மேகம் வந்து சனியை மூடியது. அப்போதாவது ஃபியூஸைப் போட்டிருக்கலாம். போட்டால் ஏசி ஓடும், மறுபடி சுவர் சூடாகும், மறுபடி ஆறவேண்டும். மேகம் இப்போது விலகிவிடும் என்று நினைத்தேன். போன் மேஜையில் அதிர்ந்தது. அதிர்வில் படம் ஆடும் என்பதால் அதை எடுத்து அங்கே கிடந்த பழைய மெத்தைமேல் கவிழ்த்து வைத்தேன்.

மேகம் விலகியது. மஞ்சள் வட்டத்தின் ஓரத்திலிருந்து புள்ளி உள்ளே வந்தது. ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான். பூமியைவிடப் பெரிய புயல், சார். சத்தமே இல்லாமல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத்தான் இன்று மிகவும் கூசுகிறது.

எடுத்து முடித்து, போய் ஃபியூஸைப் போட்டேன். தூறல் விழுந்தது. டெலஸ்கோப்பை நனையாமல் உள்ளே வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வசந்தகுமாரி அப்பாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாய் மூக்கில் இருந்தது. “கரண்ட் வந்துருச்சுண்ணே. மெஷின் ஓடுது. அப்பாதான் இழுக்க மாட்டேங்கிறாரு” என்றாள்.

ஆட்டோ பிடித்தேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மறுநாள் பாடைக்கு மூங்கில் கட்டினேன். செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பேட்டரியையும் திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். காரியம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எனக்குப் பரிமாறினாள். “நீங்க மட்டும் மேல இல்லேன்னா அன்னைக்கு நான் தனியா பயந்தே செத்திருப்பேண்ணே” என்றாள். நான் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சாதமும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றும் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். மிகத் தெளிவானது என்று அது பொறுக்கியதெல்லாம் முதல் வீடியோவிலிருந்து வந்தவை. ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்தது. நான் கண்ணால் பார்த்து மோசம் என்று ஒதுக்கியதிலேயே ஓரத்தில் அந்தப் புள்ளி இருந்திருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு எடுத்ததில், மேகம் விட்டுப்போன ஈரப் படலத்தால், ஒன்றுகூடத் தேறவில்லை. கரண்டை நிறுத்தியிருக்கவே வேண்டாம்.

அந்தப் படத்தைத்தான் சங்கத்துக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். புயலை உறுதிசெய்தவர் சிவஞானம், போர்ட் பிளேர், இந்தியா என்று போட்டிருக்கிறார்கள்.

ராக்கப்பன் அண்ணனைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். வசந்தகுமாரியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன், சார். அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதிவிடாதீர்கள்.