இறங்கின ஆடு

உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த மோரில் உப்பு கொஞ்சம் கூடுதல், இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக் குடிப்பதும் கீழ்ப்படிதலில் ஒரு வகை. பாறைப்பட்டிச் சபையில் நான் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருவதும் அதுதான். நான் அங்கே உபதேசியார். பெயர் ஞானாபரணம். குடுமியான்மலைப் பக்கம் விசாரித்தால் என் பிரசங்கத்தைப் பற்றிச் சொல்லுவார்கள். நீளம் என்று சிலர் சொல்லலாம்.

நாகராசு எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். நான் அவனை நாகராசு என்று கூப்பிடுவதில்லை. ஞானஸ்நானத்தில் நான் வைத்த பெயர் நீதிதாசன். நல்ல பெயர். ஆனால் ஊரில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. அவன் பெண்சாதி அழகிக்கும் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். "எனக்கு இருக்கிற பேரே போதுங்க" என்றுவிட்டாள். ஞானஸ்நானமும் வேண்டாமென்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கடைசியில் உட்காருவாள். நான் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்பாள். அந்தப் பழக்கம்தான் பிறகு தொந்தரவாயிற்று. அவள்தான் இவ்வளவு தூரம் நடந்துவந்து உங்களிடம் பிராது கொடுத்தவள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவன் ஒரு பெரிய பண்ணையில் ஆளாக இருந்தவன். அவன் அப்பனும் அங்கேயே ஆள். ஒரு நாள் மாட்டுக்கொட்டிலில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். முதுகில் வரிவரியாகத் தழும்போடு ஓடிவந்து எங்கள் சபைக் கோவில் வாசலில் விழுந்தான். பண்ணையிலிருந்து ஆள் வந்தபோது நான்தான் நடுவில் நின்று அனுப்பாமல் காப்பாற்றினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்து விடுதலை தருகிறார் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் அழுதான்.

ஞானஸ்நானம் முடிந்து தலை ஈரம் காயுமுன்பே கேட்டான்: "அப்ப இனிமே நான் யாருக்கும் ஆளு இல்லைங்களா, ஐயா?"

இந்த இடத்தில்தான் பலர் தவறிப்போகிறார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். மனிதன் எஜமான் இல்லாமல் இருக்க முடியாது. ஒன்று பாவத்துக்கு அடிமை, இல்லையென்றால் நீதிக்கு அடிமை. அப்போஸ்தலரே அப்படித்தான் போதித்திருக்கிறார். நீ பாவத்தை விட்டு வந்துவிட்டாய், ஆகவே இனி நீதியின் அடிமை என்றேன்.

அவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "நீதிக்குக் காடு கரை இருக்குங்களா? எங்கிட்டுப் போயி வேலை செய்யிறது?"

என் கத்தரித் தோட்டத்தைக் காட்டினேன்.

கூலி கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். சாப்பாடு போட்டேன். ஒரு முறை அவனும் அதைக் கேட்டான். பாவம்தான் கூலி கொடுக்கும், அந்தக் கூலியோ சாவு, நீதி அப்படியெல்லாம் கணக்குப் பார்க்காது என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

போன கோடையில் குளம் வற்றியது. கோவில் நிலத்தில் ஒரு கிணறு வெட்டத் தீர்மானித்தேன். கிணறு சபைக்குத்தான். வாய்க்கால் மட்டும் வசதியை உத்தேசித்து என் தோட்டத்துப் பக்கம் போகும், அதை முதலிலேயே வெட்டியாயிற்று. நீதிதாசன் வெட்டினான், அழகி கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டினாள். மண்ணைத் தூரக் கொண்டுபோக நேரமாகிறதே என்று கரையிலேயே குவிக்கச் சொன்னேன். ஐந்து ஆள் ஆழம் போயும் ஈரம்தான் தெரிந்தது, ஊற்றுக் கண் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது உள்ளேயிருந்து சொன்னான்: "ஐயா, திருச்சியில ரயில்வே பட்டறைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். சண்டை நடக்கிறதால நெறய ஆளு வேணுமாம். நானும் அழகியும் திங்கக்கெழம போறோங்க."

உத்தரவு கேட்கவில்லை, கவனியுங்கள். போறோம் என்றான்.

"கிணறு?" என்றேன்.

"வேற ஆளு வச்சுக்கங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. ஓர் ஆத்துமா வழுக்குகிறதே என்ற துக்கம்தான். சபை ஆட்களைக் கூப்பிட்டு ஏணியை மேலே இழுக்கச் செய்தேன். கீழ்ப்படிகிறேன் என்று மனப்பூர்வமாகச் சொல், ஏணி இறங்கும் என்றேன். ஏணியைக் கோவிலுக்குள் கொண்டுபோய்ப் பலிபீடத்தின் பின்னால் சாத்தி, நான் சொல்லாமல் ஒருவரும் தொடக்கூடாது என்றேன். மண் இழுக்கிற வடத்தை என் வீட்டில் வைத்துப் பூட்டினேன்.

நான் கொடியவன் இல்லை. அழகி சாயங்காலம் கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினாள், தடுக்கவில்லை. அந்தக் கயிறு கலயத்தைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தேன். பிறகு அவள் வீடுவீடாகப் போய்க் கெஞ்சினாளாம். "ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும், எடுத்துப் போடுறோம்" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். இதைக் கேட்டபோது, உள்ளதைச் சொல்கிறேன், என் உழைப்பு வீண்போகவில்லை என்று தோன்றியது.

மறுநாள் ஆராதனைக்கு முன்பு என்னிடம் வந்தாள். இன்று ஓய்வுநாள், ஏணி தூக்குவதும் வேலைதான், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

"ஓய்வுநாள்ல ஆடு குழிக்குள்ள விழுந்தா தூக்கிவிடலாம்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது விழுந்த ஆடு. இது இறங்கின ஆடு" என்றேன். அவள் கிணற்றடிக்குத் திரும்பிப் போனாள்.

அன்று மழைக்காக விசேஷ ஜெபம். நான் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. இப்படி ஒரு பதிலை நான் என் ஊழியத்தில் கண்டதில்லை. சபையார் அழுதார்கள். நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். தண்ணீர் வாய்க்கால் வழியாகத் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. கரையில் குவித்த மண்ணும் கரைந்து கூடவே போயிருக்கிறது.

அழகி நனைந்து ஓடிவந்தாள். "ஐயா, தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு. ஏணியக் குடுங்க."

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. பலிபீடத்தின் பின்னால் போய் ஏணியைத் தானே இழுத்தாள். நீளமான ஏணி, ஒருத்தியால் திருப்ப முடியாது. வாசல் நிலையில் குறுக்காக முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பெரியகருப்பன் வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான். பலசாலி. அவன் என்னைப் பார்த்தான். எல்லோருமே என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்திருந்தால் எழுந்திருப்பார்கள். பிரசங்கத்தின் முக்கியமான பகுதிக்கு வந்திருந்தேன். அசைக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள் ஐயா, நல்ல சபை.

நான் யாருக்குக் கீழ்ப்படிகிறேன் என்று கேட்டீர்கள். நீதிக்குத்தான். அது என் மனசாட்சி வழியாகப் பேசும். எனக்கும் அதற்கும் இதுவரை ஒரு பேச்சிலும் மாறுபாடு வந்ததில்லை.

தகரக் கூரை, மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சபையார் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காது. பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு, அது கிணற்றைப் பார்த்தது. எனக்குக் கேட்டது. "கீழ்ப்படியிறேங்க ஐயா, கீழ்ப்படியிறேன்" என்றுதான் கத்தினான். சனிக்கிழமை பொழுது சாயும்போதும் அதையேதான் சொன்னான், ஞாயிறு விடியலிலும் சொன்னான். அப்போது ஏணியைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் அது பயத்தில் சொன்னது. பயத்தில் பணிவது பண்ணையில் அவன் பழகிய பணிவு. நான் கேட்டது மனசிலிருந்து வருவது. அதற்கு அவனுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

கரை இடிந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. முறுமுறுப்பு இல்லை, வாதம் இல்லை, திருச்சி என்ற பேச்சு இல்லை. கடைசியில் மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்துவிட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகுதான் பெரியகருப்பனைப் பார்த்துத் தலையசைத்தேன்.