மனுதாரர் கொடுத்த டீ

டீ வேண்டாம் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. விசாரணை அதிகாரி வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடிக்கலாமா கூடாதா என்று நடத்தை விதிகளில் தெளிவாக இல்லை. தெளிவில்லாத இடத்தில் நான் கை நனைப்பதில்லை. முப்பத்தொரு வருட வேலையில் மனுதாரர் எவர் கையாலும் ஒரு கிளாஸ் டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வாக்குமூலத்தை டைப் அடித்துக்கொள்கிறோம் என்றீர்கள். நான்தான் கையால் எழுதித் தருகிறேன் என்றேன். என் பெயர் ஜெகதீஸ்வரன், பதவி தாலுகா அலுவலக முதுநிலை வரைவாளர். எழுத்து அழகாக இருக்கும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ ஊர்களின் வரைபடங்களில் இருக்கும் எழுத்து என்னுடையதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, படிக்கச் சிரமப்பட மாட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், சேந்தக்குடியில் நின்றுகொண்டு வெள்ளம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டீக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "குடிக்கத் தண்ணிக்கு நாதியக் காணோம், வெள்ளத்துக்கு மேப்பு போட வந்துட்டாகய்யா" என்றார் ஒருவர். எனக்கும் சிரிப்புத்தான். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான்.

வேலை இதுதான். மாவட்டத்திலிருந்து செயற்கைக்கோள் படம் ஒன்று வரும். நாங்கள் களத்துக்குப் போய், கண்மாய் நிறைந்து மறுகால் போனால் தண்ணீர் எந்தத் தடத்தில் ஓடும், எதுவரை ஏறும் என்று விசாரித்து, இரண்டு பக்கமும் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்ப வேண்டும். அதை அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெள்ளப் பகுதி. அங்கே வீடு கட்ட அனுமதி கிடையாது. கோட்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளி இருந்தால் மாடி மேல் மாடி கட்டலாம், யாரும் கேட்க முடியாது.

சேந்தக்குடிக் கண்மாய் மறுகால் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஓடை இருந்த தடமே தெரியவில்லை. பாதியை உழுதுவிட்டார்கள், மீதியில் சீமைக்கருவேலம். அதற்கெல்லாம் எனக்கு ஒரு வழி உண்டு. பத்திரங்களைப் புரட்டுவதற்கு முன்னால் வெட்டவெளியில் ஆட்டுக்கிடை போட்டு ராத்தங்குகிறவர்களைக் கேட்பேன். நல்லகண்ணு என்று ஒருவர், அறுபது எழுபது ஆடு வைத்திருக்கிறார். கம்பை நீட்டிக் காட்டினார்.

"இங்கன இருந்து அந்தா அந்தப் பனை வரைக்கும் நாங்க கிடை போட மாட்டோம் சார். காஞ்சு கெடக்குன்னு நம்பி எங்கய்யா ஒரு தடவ போட்டாக. ஒரே மழையில எம்பது உருப்படியும் போயிருச்சு."

அவர் கம்பு காட்டிய இடத்தின் நட்டநடுவில் ஏழு சென்ட் இடம் ஒன்று இருந்தது. அது என்னுடையது. அப்பா பாகத்தில் வந்தது. ஓய்வு பெற்றதும் அதில் வீடு கட்டலாம் என்று வைத்திருந்தேன். என் மனைவி மாரிக்கனி முப்பது வருடமாக வாடகை வீட்டில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவள். "சாகுறதுக்குள்ள சொந்த வீட்டுல ஒரு நாள் உலை வைப்பனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பாவம், நியாயமான ஆசைதானே.

இருந்தும் கோட்டை உள்ளபடி போட்டேன். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் முதல் தாள் அதுதான். கோடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள், என் இடத்தை எப்படி முழுசாக விழுங்கியிருக்கிறது பாருங்கள். சொந்த இடம் என்று ஒரு மில்லிமீட்டர் கூட வளையவில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் இரண்டாவது தாளை எடுத்தேன்.

இரண்டாவது தாளில் இரண்டு கோட்டையும் கிழக்கே நகர்த்தியிருக்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர். என் பெருவிரல் நகத்தின் அகலம் அவ்வளவுதான். தரையில் அது எழுபத்தைந்து மீட்டர் வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஓடையின் அகலத்தை நான் குறைக்கவில்லை. தண்ணீருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறேன், சற்றுத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். கிழக்கே எழுபத்தைந்து மீட்டரில் இருந்தது காசிம் பாய் என்பவரின் இடம். நல்ல மேடு. ரோட்டைப் பார்த்தது. மூலையில் ஒரு கிணறு, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுவது அது ஒன்றில்தான்.

வரைபடத்தை முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஆட்சேபணை கேட்டோம். பக்கத்தில் ஆட்டுக்குத் தடுப்பூசி போடும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எல்லோரும் அதைத்தான் படித்தார்கள்.

கோட்டை நகர்த்தியவர் சொந்த இடத்திலேயே வீடு கட்டியிருக்கலாமே என்று உங்கள் எழுத்தர் தம்பி நேற்றுக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே தண்ணீர் வரும், தம்பி. தெரிந்தே யாராவது போய் ஓடையில் வீடு கட்டுவார்களா?

காசிம் பாய் பத்தொன்பது வருடம் சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். கண்மாய் கடைசியாக மறுகால் போன வருடம்தான் விமானம் ஏறினார், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. திரும்பி வந்து வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். வெள்ளப் பகுதி என்று நிராகரித்தோம். என் மேஜைக்குப் பதினோரு தடவை வந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் டீ சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பேன். விதி விதிதான், பாய், நான் வளைக்க முடியாது என்பேன். அவர் மனைவி ரைஹானாவும் ஒருநாள் கூட வந்தார். "மேட்டுல கெடக்க எடத்துக்குத் தண்ணி எப்பிடி சார் ஏறி வரும்?" என்று கேட்டார். கெட்டிக்கார மனுசி. மேட்டைப் பற்றி மேப்புக்குத் தெரியும் என்று சொன்னேன்.

பன்னிரண்டாவது தடவை காசிம் பாய் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மகள் ஆஃப்ரினுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், சொந்த வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு மனசு கேட்கவில்லை. "பாய், என் இடம் ஒன்று இருக்கிறது, கோட்டுக்கு வெளியே. உங்கள் இடத்தை எனக்குக் கொடுங்கள், என் இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நம்ப முடியாமல் பார்த்தார். வெள்ளத்தில் கிடக்கிற இடத்தை வாங்கிக்கொண்டு நல்ல இடத்தைக் கொடுக்கிற ஆளை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? பரிவர்த்தனைப் பத்திரம் பதிவானது. அதுவரை சார் என்று கூப்பிட்ட ரைஹானா அன்றிலிருந்து அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பினார். நான் தொடவில்லை. மாரிக்கனி குடித்தாள். அவள் அரசு ஊழியர் இல்லை.

வரைபடம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். பிழை இருந்தால் திருத்துவது அலுவலகத்தின் கடமை. அதுவரை பொறுத்திருந்து கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று காசிம் பாய் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். மூன்றடியில் மணல் வந்தது. வெள்ளை வெளேரென்று பொடிமணல். "மணலு லோடு அடிக்கவே வேணாம் போல சார், அல்லா குடுத்துட்டான்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ரைஹானா குழிக்குள் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். விரித்துக் காட்டினார், நாலைந்து நத்தை ஓடு இருந்தது.

"என்னண்ணே இது, தோண்டுனா ஆத்து மணலா வருது, நத்தைக்கூடு வருது?"

"ராசியான இடம், தங்கச்சி" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நத்தை ஓட்டை ஜன்னலில் வைக்க ஆகும் என்று முந்தானையில் முடிந்துகொண்டார். வீடு நன்றாக வந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர், ஒரே ஒரு கேட். ஆஃப்ரின் கல்யாணமும் அதே வீட்டில்தான் நடந்தது. வீட்டை வரைந்த பொறியாளருக்குத் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்கத் தெரியவில்லை. அது என் துறை இல்லை, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை பத்து மணிக்குச் சேந்தக்குடிக் கண்மாய் மறுகால் போனது. நீங்கள் வேறு சீமை, உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தண்ணீர் வருகிறது என்றால் மற்ற ஊர்களில் ஓடுவார்கள். எங்கள் ஊர்களிலும் ஓடுவார்கள், தண்ணீரைப் பார்க்க. வீட்டில் ஒரு ஆள் மிச்சமில்லை. பூவும் பழமும் மஞ்சளும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு மொத்த ஊரும் மறுகாலில் நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். காசிம் பாய் ஒரு கிலோ சீனி வாங்கிக்கொண்டு வந்திருந்தார், எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். சுகர் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

"வீட்டுக்காரியத்தான் கூட்டியார முடியல சார்" என்றார். "முட்டி ஆபரேசன் பண்ணிப் பத்து நாளுதான் ஆச்சு. கட்டில விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாக. போட்டோ எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா." போனைத் தூக்கிப் படம் எடுத்தார். நுரைத்துக்கொண்டு போகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தத் தண்ணி எந்தப் பக்கம் சார் போகும்?"

மறுகாலிலிருந்து அவர் வீடு ஒன்றேகால் கிலோமீட்டர். தண்ணீர் அங்கே போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அந்தக் கணக்கு முதல் தாளின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது, போட்டது நான்தான். அவர் பைக் பக்கத்திலேயே நின்றது, ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். ஆனால் நான் வரைவாளர், அம்மா. வரைபடம் ஒன்று சொல்லும்போது நான் வேறு ஒன்றைச் சொன்னால் அப்புறம் வரைபடத்துக்கு என்ன மரியாதை?

"மேப்புல உள்ளபடிதான் போகும், பாய்" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டு மிச்சச் சீனியைத் தண்ணீரில் தூவினார். நானும் ஒரு பூ எடுத்துப் போட்டேன்.

தண்ணீருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. கேட் வழியாக உள்ளே வந்தது. நல்ல சுவர் என்பதால் வெளியே விடவில்லை. பக்கத்து வீடுகளில் சத்தம் போட்டால் கேட்க ஆள் இல்லை, எல்லோரும் எங்களோடுதான் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரைஹானா கட்டிலிலிருந்து இறங்கிக் கதவு வரை வந்திருக்கிறார். பத்து நாள் முட்டியோடு அது பெரிய காரியம் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரே சொன்னார். எனக்கு அதைக் கேட்டபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இப்போது ஆஃப்ரின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இரண்டு தாளையும் வாங்கிவிட்டது. தாயைப் போலவே கெட்டிக்காரப் பிள்ளை. முதல் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அரசு ஆவணத்தை அழிப்பது குற்றம், அம்மா. எண் போட்டு, தேதி போட்டு, கோப்பில் நான்தான் வைத்தேன். வெள்ளத்துக்குப் பிறகு அவசரமாகத் திருத்திய வரைபடத்தில் கோடு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. காசிம் பாயின் பழைய இடம் இப்போது முழுக்க வெளியே இருக்கிறது. மாரிக்கனி அடுத்த தையில் வானம் தோண்டலாம் என்கிறாள். காசிம் பாய் திரும்பவும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு திருத்தம். முதல் பத்தியில் மனுதாரர் எவர் கையாலும் டீ குடித்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போயிருந்தேன். சுவரில் கழுத்து உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது, ஜன்னலில் நத்தை ஓடு அப்படியே இருந்தது. காசிம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எங்களுக்கு நல்லதுதான் சார் நெனச்சீக. எங்க தலையெழுத்து இப்பிடி ஆயிருச்சு" என்று சொல்லி, அவர் கையாலேயே ஒரு கிளாஸ் டீ கொடுத்தார். நான் குடித்துவிட்டேன். வெள்ள நிவாரணம் கேட்டு அவர் கொடுத்த மனு அன்றைக்கு என் மேஜையில் நிலுவையில் இருந்தது. அப்படியானால் அவர் மனுதாரர். தெரிந்தேதான் குடித்தேன், பாதியிலும் வைக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான், அதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.