ஆட்டின் அஞ்சு

— அதுக்கில்லக்கா, மத்த எல்லாரும் ஆட்டத்துல இருக்காவ. ஜோடி இல்லாம வெளிய உக்காந்திருக்கது நீங்க ஒராள்தான். அதான் உங்கட்ட வந்தேன்.

— குத்திக் காட்டறியா மணிவேலு?

— ஐயோ, சத்தியமா இல்லக்கா!

— சும்மா சொன்னேன் கண்ணு. ஞாயித்துக்கெழமை ஆனா மூக்கண்டப்பள்ளியில பஸ் ஏறி வந்துடறேன். யாராவது தனியா வந்தா ஜோடி சேத்து விடறேன்னு நீதான சொன்ன? இன்னிக்கும் ஒருத்தரும் தனியா வரல. நான் வேற புளிசோறு ரெண்டு பேருக்குக் கட்டிக்கினு வந்துட்டேன். துன்றியா?

— பொறவு சாப்பிடுதேன்க்கா. இப்ப ஒரு பஞ்சாயத்து. நான் நடுவரா இருந்தாலும் இதுல நானா தீர்ப்பு சொல்லக் கூடாது. பிரிட்ஜ் நல்லா தெரிஞ்ச மூணு பேருட்ட சீட்டைக் காட்டி, 'இந்தக் கை வந்தா ஏலத்துல என்ன கேப்பிய'ன்னு விசாரிக்கணும். ரெண்டு பேர்ட்ட கேட்டாச்சு. ஒருத்தர் இப்படிச் சொல்லுதாரு, இன்னொருத்தர் அப்படிச் சொல்லுதாரு.

— அப்ப நான் சொல்றதுதான் தீர்ப்பு.

— ஆமாக்கா. கப்பே இதுலதான் நிக்குது. இந்த ஆட்டம் யாருக்குப் போகுதோ, அந்த ஜோடிதான் மெட்ராஸுக்கு ஆடப் போவும். யாரோட கைன்னு மட்டும் கேக்காதிய.

— அதெல்லாம் எனக்குத் தெரியாதா? காட்டு. ம்... இஸ்பேடு ஒத்தைச் சீட்டு. ஆட்டின் ஆறு சீட்டு, ஆசு, ராணி, ஜாக்கியோட. டைமன்ல ராஜா. கிளாவர்ல ராணியும் ஜாக்கியும். மோசமில்ல. ஏலம் எப்படிப் போச்சு?

— இந்தக் கைக்காரர் ஆட்டின்ல ஆரம்பிச்சாரு. எதிராளி இஸ்பேடு. மாத்தி மாத்தி ஏறிக்கிட்டே போயி, இவரு 'ஆட்டின் நாலு'ன்னு நின்னாரு. அவிய 'இஸ்பேடு நாலு'ன்னு மேல ஏறிட்டாவ. அடுத்தது இவரோட பார்ட்னர். அந்த மனுசன் யோசிச்சாரு.

— ரொம்பவா?

— ரொம்ப. சீட்டைப் பாத்தாரு, ஃபேனைப் பாத்தாரு, திரும்பச் சீட்டைப் பாத்தாரு. கடைசியில பாஸ் அட்டையை எடுத்து வச்சாரு. அதுக்கடுத்த ஆளும் பாஸ். இப்ப இவரு முறை. பாஸ் சொல்லி எதிராளிக்கு விட்டுக் கொடுக்கணுமா, இல்ல 'ஆட்டின் அஞ்சு'ன்னு ஏறணுமா?

— இவரு ஏறிட்டாரு, அதான?

— ஏறி, அதுக்கு வேண்டிய பதினோரு பிடியும் எடுத்துட்டாரு. எதிராளி கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாவ. 'பார்ட்னர் யோசிக்கதப் பாத்துட்டுத்தான் ஏறுதாரு, இது கள்ளாட்டம்'னு.

— நியாயம்தான். பார்ட்னர் யோசிச்சா, கையில ஏதோ இருக்குதுன்னு வாயைத் தொறக்காமலே சொல்லிட்ட மாதிரி ஆயிடும். நாம அதைப் பாக்கவே பாக்காத மாதிரி உக்காந்துக்கணும். இப்ப நான் பாஸ்னு சொன்னா இவரு ஏறினது செல்லாது. நானும் ஏறுவேன்னு சொன்னா செல்லும்.

— அதேதான்.

— தெனம் ஊட்ல போன்ல ரோபோவோட ஆடறேன் மணிவேலு. அது யோசிக்கறதே கெடயாது. டக்குனு வச்சுடும். எதிர்ல ஒரு ஆளு ஒக்காந்து யோசிக்கறதைப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா?

— அக்கா, உள்ள காத்துக்கிட்டு இருக்காவ.

— தெரியுது, கதவு வழியாப் பாத்துக்கினுதான் இருக்கறேன். ஜன்னலோரம் கையைக் கட்டிக்கினு எழுந்து நிக்கறது பிரதாப் சார்தான? அந்த டேபிள்லதான் தகராறா?

— நான் ஒண்ணும் சொல்லலக்கா.

— நீ சொல்லவே வேணாம். கோவம் வந்தா அவரு அப்படித்தான் நிப்பாரு. எங்க கம்பெனி கேன்டீன்ல சாப்பாட்டு நேரத்துல ஆட ஆரம்பிச்சோம். அப்பலேர்ந்து அவருக்கு ஜோடியா எதிர்ல ஒக்காந்தவ நான். போன மாசம் இதே ஹாலுக்கு வந்து நிக்கறேன், என் சேர்ல அத்திப்பள்ளிக்காரர் ஒருத்தர் ஒக்காந்திருக்காரு. முன்னாடி ஒரு போன்கூடப் பண்ணல. 'சாரி அருணா'ன்னாரு. சீட்டைக் கலைச்சுப் போட ஆரம்பிச்சுட்டாரு.

— எனக்கும் அன்னைக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சுக்கா. சரி, இந்தக் கையிக்கு என்ன கேப்பிய?

— நியாயமாச் சொன்னா என் கை பாஸ் அட்டைக்குத்தான் போகுது. இந்தக் கிளாவர் ராணியும் ஜாக்கியும் எதிராளியைத் தடுக்கத்தான் ஆவும். ஏலத்துல ஏர்றதுக்கு ஆவாது.

— அப்ப பாஸ்னு எழுதிக்கிடுதேன்.

— இரு, இரு. எழுதாத.

— என்னக்கா?

— இது பிரதாப் சார் கை.

— அக்கா!

— அந்த டேபிள்ல எதிராளி பர்கூர் பசங்க ரெண்டு பேரு. அவனுங்க பயந்து பயந்து ஆடறவனுங்க, அஞ்சு ஏர்ற தைரியம் அவனுங்களுக்கு ஏது? ஏலத்தை அடுத்தவங்களுக்கு விட்டுட்டா பிரதாப்புக்கு அன்னிக்கு சோறு எறங்காது. 'விட்டுக் கொடுக்கறதுக்கா காலையில குளிச்சிட்டு வந்தோம்'பாரு. அந்த அத்திப்பள்ளி ஆளு ஃபேனைப் பாத்து மாட்டி உட்டுட்டான். நான் எதிர்ல இருந்தா யோசிச்சே இருக்க மாட்டேன். அவருக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது.

— ஆளை நெனைச்சுச் சொல்லப்படாதுக்கா. சீட்டை மட்டும் பாத்துச் சொல்லுங்க.

— தோத்துட்டார்னா யார் மூஞ்சியையும் பாக்காம பின்பக்கமா எறங்கிப் போயிடுவாரு. ஜெயிச்சா இந்த வாசல் வழியாத்தான் வருவாரு, எல்லாருக்கும் கை குடுத்துக்கினு. என்கிட்டயும் ஒரு நிமிசம் நிப்பாரு. 'என்ன அருணா, நல்லாருக்கியா'ம்பாரு.

— அதுக்காவ...

— வெள்ளிக்கெழமை ஷிப்ட் முடிச்சு ஊட்டுக்குப் போனேன். இன்னிக்குக் காலையில பஸ்ல டிக்கெட் கேக்க வாயைத் தொறக்கறேன், தொண்டை அடைச்சுக்கினு பேச்சு வரல. அப்பதான் ஒறைக்குது, நடுவுல நான் ஒருத்தர்கிட்டயும் பேசவே இல்லன்னு. கண்டக்டர் என்னை ஊமைன்னு நெனைச்சு, எந்த ஸ்டாப்புன்னு சைகையில கேக்கறான்.

— யக்கா...

— எழுதிக்கோ. ஆட்டின் அஞ்சு.

— நெசமாவா?

— ஆட்டின் ஆறு சீட்டு இருக்குது, இஸ்பேடு ஒத்தை. ஏறலாம். நான் ஏறுவேன்.

— எழுதிட்டா மாத்த முடியாதுக்கா.

— எழுது கண்ணு.

— எழுதிட்டேன். அப்ப ஏறினது செல்லும். கப்பு அவியளுக்குத்தான்.

— சீக்கிரம் போயி சொல்லு. அவரு மூஞ்சியை இங்கிருந்தே பாக்கறேன்.

— அக்கா... இது பர்கூர் பையன் கைக்கா. கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டது பிரதாப் சார்தான். 'வெளிய அருணா இருக்கா, அவளைக் கேளு. என் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் சீட்டுல அவ பொய் சொல்ல மாட்டா'ன்னு சொல்லி அனுப்பினாரு.